0–5: ஒரு தேசிய அணியும் நம் ஊர்த் திடலும்

2023 அக்டோபரில் இந்திய ஆண்கள் ஃபுட்சால் அணி தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியது. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று, எதிரணி பஹ்ரைன், முடிவு 0–5. அந்தச் சுற்றில் ஒரு வெற்றியும் இல்லாமல் அணி திரும்பியது. 2025 செப்டம்பரில் அடுத்த தகுதிச் சுற்று. குவைத், ஆஸ்திரேலியா, மங்கோலியா இருந்த பிரிவில் மங்கோலியாவை 3–0 என்று வென்றோம். அதுதான் முதல் வெற்றி. இரண்டு முறையும் முதன்மைப் போட்டிக்குத் தகுதி கிடைக்கவில்லை.

இந்திய ஆண்கள் அணியின் ஃபுட்சால் வரலாறு இவ்வளவுதான். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. "140 கோடிப் பேரில் 5 பேர் கிடைக்கவில்லையா?" என்று கேட்பவர்களும் உண்டு. நாம் வேறொரு கேள்வி கேட்கலாம் தோழர்களே. அந்த 140 கோடியில் எத்தனை பேருக்கு விளையாட ஒரு தரை கிடைத்தது?

ஃபுட்சால் பிறந்ததே இடப் பற்றாக்குறையில்தான். 1930இல் உருகுவே முதல் உலகக் கோப்பைக் கால்பந்தை வென்ற நேரம். தலைநகர் மொண்டேவீடியோவில் பிள்ளைகளெல்லாம் பந்தோடு திரிகிறார்கள், திடல்கள் போதவில்லை. அங்கே ஒய்எம்சிஏவில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்துத் தளத்தில் அணிக்கு 5 பேர் ஆடும்படி விதிகளை எழுதினார். இன்றைய பன்னாட்டுத் தளம் சுமார் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கெட்டித் தரை, அதிகம் எகிறாத சிறிய பந்து, 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தளத்துக்கு மட்டும் ஏறக்குறைய 20 சென்ட் நிலம் போதும். முழுக் கால்பந்துத் திடலுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். நிலமில்லாதவர்களின் தெருவுக்குள் நுழையக்கூடிய கால்பந்து இது.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 1989இல் நெதர்லாந்தில் முதல் ஃபுட்சால் உலகப் போட்டியை நடத்தியது. பிரேசில் வென்றது. ஆசியப் போட்டி 1999இல் தொடங்கியது. 2024 வரை நடந்த 17 போட்டிகளில் ஈரான் 13 முறையும் ஜப்பான் 4 முறையும் வென்றிருக்கின்றன. வேறு எந்த நாடும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. அந்த 24 ஆண்டுகளும் இந்தியாவுக்குக் களத்தில் இறங்க ஓர் அணியே இல்லை. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் கால்பந்துத் தங்கம் வாங்கிய நாடு, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த நாடு இது. ஆடத் தெரியாத மக்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது.

அணி இல்லாத காலத்திலும் வியாபாரம் இருந்தது. 2016 ஜூலையில் பிரீமியர் ஃபுட்சால் என்ற தனியார் போட்டி சென்னையில் தொடங்கியது. ஃபுட்சாலின் பெரிய பெயரான பிரேசிலின் ஃபல்காவ் சென்னை அணிக்கு ஆடினார். ரொனால்டினோ, ரயன் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ் எல்லாம் வந்தார்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் அந்தப் போட்டிக்கு இல்லை. இரண்டு பருவங்களோடு அது நின்றுபோனது. கூட்டமைப்பு தன் பெயரில் கழகங்களுக்கான தேசிய ஃபுட்சால் போட்டியை நடத்தியது 2021 நவம்பரில்தான். நட்சத்திரங்கள் வந்து போய் 7 ஆண்டுகள் கழித்துத்தான் தேசிய அணி களம் கண்டது. பஹ்ரைனிடம் வாங்கிய 5 கோலுக்கு முன்கதை இதுதான்.

இன்று நகரங்களில் சின்னக் கால்பந்து என்றால் டர்ஃப். செயற்கைப் புல், வலை, விளக்கு, மணிக்கணக்கில் வாடகை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆட முடிந்தவர் ஆடுகிறார். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை வலைக்கு வெளியே நிற்கிறார். இடமில்லாதவர்களுக்காகப் பிறந்த ஆட்டம் இங்கே காசுள்ளவர்களின் ஆட்டமாக வந்து இறங்கியது. இந்திய அணியில் யார் என்ன சாதி என்று நாம் கேட்கவில்லை. அணிக்குப் போகும் பாதையில் முதல் படியான தரை யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்கு நூறாண்டு வயது. பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்வோம். சமர் சாதியில் பிறந்த அவர், புனேயில் வெள்ளையர்களின் கிரிக்கெட் கழகத்தில் மாதம் 4 ரூபாய்க்குத் திடல் பராமரிக்கும் வேலை பார்த்தார். பயிற்சியில் அவர்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசலாம். மட்டை பிடிக்க முடியாது. பிறகு இந்து அணிக்கு ஆடியபோதும் தேநீர் அவருக்கு வெளியே, மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய அணியில் அவர் இருந்தார். அந்தப் பயணத்தில் அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம். பாலு மட்டும் 114 விக்கெட்டுகள் எடுத்தார். இருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர் பாலு. அந்த அரசியலில் நமக்கு முரண்பாடு உண்டு. ஆனால் வேலைக்காரனாக மட்டுமே திடலுக்குள் விடப்பட்ட ஒருவர்தான் தேசிய அணியின் மானத்தைக் காத்தார் என்பதை வரலாறு மறைக்க முடியாது.

வேறொரு பாதையும் இருக்கிறது. அண்ணல் 1956இல் பௌத்தம் தழுவிய அதே நாக்பூரில், 2001இல் விஜய் பார்சே என்ற விளையாட்டு ஆசிரியர் குடிசைப் பகுதிப் பிள்ளைகளைக் கொண்டு 'ஸ்லம் சாக்கர்' தொடங்கினார். 2003இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தொடங்கிய வீடற்றோர் உலகக் கோப்பை, அணிக்கு 4 பேர் ஆடும் தெருக் கால்பந்து. பார்சேயின் பிள்ளைகள் இந்தியாவின் பெயரில் அந்தக் களத்துக்குப் போனார்கள். நாகராஜ் மஞ்சுளே 2022இல் எடுத்த 'ஜுண்ட்' படத்துக்கு இந்தக் கதைதான் அடிப்படை. கூட்டமைப்பின் ஃபுட்சால் அணி பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சின்னத் திடலில் இந்தியச் சட்டை போட்டு ஆடியவர்கள் குடிசைப் பிள்ளைகள்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருபுவனை தனித்தொகுதி. சட்டமன்றத்தில் நமக்கென்று ஓர் இருக்கை உண்டு. திடலில்? விழுப்புரம் சாலையோரம் தொழிற்பேட்டைக்கு நிலம் கிடைத்தது. காலனிப் பிள்ளைகளுக்கு 20 சென்ட் கிடைக்காதா? கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை. கொம்யூன் பஞ்சாயத்தில் நாம் தேர்ந்தெடுத்தவர் எவரும் இல்லை. அதிகாரி இருக்கிறார், மனு வாங்கும் மேசை இருக்கிறது.

அந்த மேசைக்குப் போவோம். மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள தோழர்கள் மூன்று விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒன்று, பொதுத்திடலாகவும் புறம்போக்காகவும் பதிவான இடங்கள் எவை? இரண்டு, அவற்றில் காலனிக்குப் பக்கத்தில் உள்ளவை எத்தனை? மூன்று, அட்டவணைச் சாதியினருக்கான சிறப்புக் கூறு நிதியில் விளையாட்டுத் தளத்துக்கு எவ்வளவு செலவானது? பதில் கையில் வந்ததும் ஒரு சிமெண்ட் தளம், இரண்டு கோல் கம்பம், ஒரு விளக்கு என்று கோரிக்கை வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாலையில் தனி நேரம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். முதல் மகளிர் ஃபுட்சால் உலகக் கோப்பை 2025இல் பிலிப்பைன்ஸில் நடந்து முடிந்துவிட்டது. நம் பெண்கள் இன்னும் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே ஆட இடம் தேடுகிறார்கள்.

அடுத்த தகுதிச் சுற்றிலும் இந்தியா தோற்கலாம். அன்று அணியைத் திட்டுவதற்கு முன், நம் தெருவில் பந்து உருளும் 20 சென்ட் இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஜெய் பீம்.