புயல் கூண்டும் கொறங்காடும்: கடலறிவியல் உள்நாட்டுக்கு வந்த வழி

கொங்கு நாட்டுக் காங்கேயத்திலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும் 150 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனாலும் இவ்வூரின் வரவுசெலவில் கடலுக்குப் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைப் பெரும்பாலும் மலைக்கு அப்பாலேயே இறக்கிவிட்டுப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வெறுங்காற்றாக நுழைகிறது. கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் கொளுக்கட்டைப் புல் தழைப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில். அந்த மழையோ வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுநிலைகளை நம்பியது. கொப்பரைக் களத்துக்காரருக்கு அதே மழை ஆகாது. காய்கிற பருப்பு நனைந்தால் பூஞ்சணம் பிடித்து விலை இறங்கிவிடும். துறைமுகத்தில் தொடங்கிய அரசின் கடல், வானிலை அறிவியல் இப்படிப்பட்ட ஊருக்கு எந்த வழியாக, எவ்வளவு தாமதித்து வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகத்தை அமைத்தது வானியல், புவியியல், கப்பலோட்டம் ஆகிய மூன்றுக்காக. வேளாண்மை அந்தப் பட்டியலில் இல்லை. 1796 முதல் அங்கே வானிலைப் பதிவுகள் தொடங்கின. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் பேரைக் கொன்றது. மறு ஆண்டே அத்துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை வந்தது. 1886இல் பிற இந்தியத் துறைமுகங்களுக்கும் அது விரிந்தது. செய்திகளில் நாம் கேட்கும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ இந்த மரபின் எச்சம்: பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏறும், எண்கள் 1 முதல் 11 வரை. கப்பல் தலைவனுக்கு அது போதும். துறைமுகம் இல்லாத குப்பத்துக் கட்டுமரக்காரன் கண்ணுக்கு எந்தக் கம்பமும் தெரியாது. சரக்குக்கு முந்தி, உயிருக்குப் பிந்தி என்று சொன்னால் மிகையாகலாம். ஆனால் எச்சரிக்கை பரவிய வரிசை அப்படித்தான் இருக்கிறது.

இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே பெரும்பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் கோவை, சேலம் மாவட்டங்களும் கடுமையாக அடிபட்டன. பருவமழையை முன்கூட்டி அறிவது அரசுக்கு வருவாய்ப் பிரச்சினையாகவும் ஆனது. துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் இமயத்துப் பனியை வைத்துத் தென்மேற்குப் பருவமழையைக் கணித்தார். ஐப்பசி மழையை நம்பும் கொங்கு நாட்டுக்கு அதனால் என்ன பயன்?

திருப்பம் கில்பர்ட் வாக்கருடன் வந்தது. 1904இல் துறைத் தலைமையேற்ற இந்தக் கணித அறிஞர் உலகெங்கிலுமிருந்து காற்றழுத்தம், மழை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டினார். இந்திய எழுத்தர்கள் உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டார்கள். பசிபிக்கின் ஒரு கோடியில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, தராசுத் தட்டுகள் போல. இதற்கு 1924இல் அவர் இட்ட பெயர் ‘தெற்கத்திய அலைவு’. தென்மேற்குப் பருவமழைக் கணிப்பில் அது அவர் எதிர்பார்த்த அளவு கைகொடுக்கவில்லை. 1969இல் யாக்கோப் பியர்க்னஸ் அதை எல் நினோ எனும் கடல் வெப்பமேற்றத்தோடு இணைத்துக் காட்டிய பிறகே அதன் முழு அருமை தெரிந்தது.

இங்கேதான் காங்கேயத்துக்கு உரிய செய்தி இருக்கிறது. எல் நினோ என்றால் வறட்சி என்பது தென்மேற்குப் பருவமழைக்குப் பொருந்தும் பேச்சு. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையை அது பெரும்பாலும் கூட்டவே செய்கிறது. வலுவான எல் நினோ நிலவிய 2015இல் சென்னை மூழ்கியது. அது விலகிய 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 62 சதவீதம் குறைந்து, மாநிலமே வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. விதி இரும்பாலானதல்ல: எல் நினோவுக்கு நேரெதிரான லா நினா நிலவிய 2021இல் மழை கொட்டித் தீர்த்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் வாக்கரின் அலைவுக் குறியீட்டையும் பசிபிக் கடற்பரப்பு வெப்பநிலையையும் ‘ஆஸ்திரேலியன் ரெயின்மேன்’ மென்பொருளில் இட்டு, பருவம் தொடங்குமுன் மாவட்டவாரியாக மழையளவைக் கணித்து வெளியிடுகிறது. சோளம் விதைக்கலாமா, மாட்டை விற்கலாமா என்று யோசிப்பவருக்கு இது உதவும். களத்துக்காரர் கேட்பது வேறு: நாளைக்குக் காயப்போடலாமா?

அன்றாட முன்னறிவிப்பின் கதை பாலக்காட்டில் பிறந்த வானிலை அறிஞர் எல்.ஏ. ராமதாஸிடம் தொடங்குகிறது. 1932இல் புனேயில் நிறுவப்பட்ட வேளாண் வானிலைப் பிரிவை அவர் வளர்த்தெடுத்தார். 1945இல் வானொலியில் உழவர்களுக்கான வானிலை அறிக்கை வந்தது. துறைமுகக் கம்பத்துக்கும் உழவனின் வானொலிக்கும் நடுவே எண்பது ஆண்டுகள்.

மீனவர் நிலைமை இதைவிட விசித்திரம். ஐதராபாத்தில் 1999இல் தொடங்கிய இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் மீன் கூடும் இடங்களைச் செயற்கைக்கோள் தரவால் கண்டு சொல்கிறது. ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலானபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர் கரையைவிட்டுப் போய் நாட்கள் ஆகியிருந்தன. அலைபேசிக்கும் கம்பியில்லாக் கருவிக்கும் எட்டாத தொலைவில் எச்சரிக்கை அவர்களைத் தொடவில்லை. செயற்கைக்கோள் வழியே 300 கடல் மைல் வரை செய்தி சேர்க்கும் ‘ஜெமினி’ கருவி அதன் பிறகே, 2019இல் வந்தது. அதிலும் செய்தி ஒரு வழிதான். படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது.

உள்நாட்டிலும் இதே கடைசி மைல் இடறல் உண்டு. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் ஐந்து நாள் முன்னறிவிப்போடு கூடிய வேளாண் அறிக்கையை வட்டார அளவுக்கு நெருக்க, 2018 முதல் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. நாடெங்கும் ஏறத்தாழ 200 பிரிவுகள். 2024இல் அவற்றை மூடச் சொல்லி ஆணை வந்தது. பல்கலைக்கழகங்களில் உள்ள பழைய களப் பிரிவுகள் தொடர்கின்றன. அவை ஒவ்வொன்றும் பல மாவட்டங்களுக்குப் பொறுப்பு. ஒரே மாவட்டத்துக்குள் அமராவதிப் பாசன வயலும் காங்கேயத்துக் கொறங்காடும் இருக்கும்போது, அறிக்கையில் எதற்கு யோசனை சொல்வது என்பது அங்கே உட்கார்ந்து எழுதுபவரின் தீர்மானமாகவே இருக்கிறது.