தறியின் இரண்டாவது இருக்கை

காஞ்சிபுரத்தைச் சுற்றிப் பங்குப்பணி செய்யும் குருக்களுக்குத் தறியை உவமையாக்கி மறையுரை ஆற்றும் ஆசை எழுவது இயல்பே. விவிலியமே அதற்கு இடம் தருகிறது. தம் நாள்கள் நெசவாளியின் நாடாவை விட விரைவாய் ஓடிவிட்டதாக யோபு புலம்புகிறார். நோயுற்ற எசேக்கியா மன்னர், தம் வாழ்வு தறியினின்று அறுத்தெடுக்கப்படும் துணி போலாயிற்று என்று கலங்குகிறார். படைவீரர் கிழிக்க மனமின்றிச் சீட்டுப்போட்ட ஆண்டவரின் அங்கி, தையல் இல்லாமல் மேலிருந்து நெய்யப்பட்டது என்பதை யோவான் மறவாமல் குறிக்கிறார்.

இவற்றோடு நாம் எல்லாரும் கேட்டுப் பழகிய உவமை ஒன்றும் உண்டு. நாம் காண்பது துணியின் பின்பக்கம். அங்கே முடிச்சுகளும் அறுந்த இழைகளுமே தெரியும். முன்பக்கத்தின் அழகை இறைவன் ஒருவரே காண்கிறார் என்பார்கள். துயருற்றோர்க்கு ஆறுதல் தரும் உவமைதான். ஆனால் தறி வீட்டினுள் சென்று பார்த்தவர்கள் இதைச் சொல்லுமுன் சற்றுத் தயங்குவார்கள். எல்லா முடிச்சும் இறைவன் போட்டதன்று.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. குழித்தறியில் கால் மிதித்து அமர்ந்திருக்கும் ஒருவரால் மூன்றையும் கையாள்வது கடினம். எனவே தறியின் ஒரு பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் அமர்ந்து, அப்பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுப்பார். சேலை பழசாகி நைந்தாலும் கரை உடலைவிட்டுப் பிரியாது என்று சொல்வதன் பின்னால் இந்த இரண்டாவது ஆளின் கை இருக்கிறது. நெடுங்காலம் அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளையின் கையாக இருந்தது.

பிள்ளை அங்கே வந்து சேர்ந்தது கடனால். மருத்துவச் செலவோ, சகோதரியின் திருமணமோ, மழைக்காலத்தில் அடுப்பு எரியாமையோ, ஏதோவொரு நெருக்கடியில் பெற்றோர் தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவர். அதற்கு ஈடாகப் பிள்ளை தறியில் அமரும். கூலி சொற்பம்; முன்பணம் கரையாது; முடிக்காமல் வேறிடம் போகவும் முடியாது. தறிக்காரரை மட்டும் குறைசொல்வது எளிது, ஆனால் நேர்மையன்று. பாவும் சரிகையும் தந்து சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வணிகரிடம் அவரும் முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டவராகவே பெரும்பாலும் இருந்தார். துணையாளின் கூலியை அந்தச் சேலைக் கூலியிலிருந்தே அவர் தரவேண்டும்.

இந்நகரத்து நெசவாளர் எக்காலமும் கடனாளிகளாய் இருந்தவர் அல்லர். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. கச்சிப்பேடு என்று வழங்கிய இவ்வூரின் திருமால் கோயில் ஒன்றின் வரவு செலவைக் கவனிக்கும் பொறுப்பு நெசவாளர் வாழ்ந்த சேரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதை அவை கூறுகின்றன. இறைவனின் பணத்தை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர்கள் என்று மன்னன் கருதிய மக்கள் அவர்கள். ஆயிரம் ஆண்டுகளில் அதே தொழில் தன் பிள்ளையை ஈடு வைக்கும் நிலைக்கு எப்படி வந்தது என்பது தனியே எழுதவேண்டிய வரலாறு.

அன்றாட வாழ்வில் இறைவார்த்தையைத் தேடுவது ஆண்டவரே காட்டிய வழி. புளிப்பு மாவும், வலையும், விதையும், காணாமற்போன காசும் அவருக்குப் பாடமாயின. ஆனால் அவருடைய உவமைகளில் கூலியும் கடனும் எத்தனை முறை வருகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், கடனைத் தீர்க்க வழியற்ற பணியாளன் தன் மனைவி மக்களோடு விற்கப்படுமாறு ஆணை பிறக்கிறது. மன்னிப்பைப் பற்றிய அழகிய உவமை என்று சொல்லி அந்த வரியை விரைந்து கடந்துவிடுகிறோம். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயர்களுக்கு அது உவமை மட்டுமன்று, கண்ட காட்சி. ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் ‘பாவங்கள்’ என்று சொல்லும் இடத்தில், மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் இருப்பதும் ‘கடன்கள்’ என்னும் சொல்லே.

பட்டும் கடனும் இவ்வாறு பின்னிக்கிடந்த வேறொரு நகரம் திருச்சபை வரலாற்றில் உண்டு. அது பிரான்சு நாட்டின் லியோன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 8,000 தறிக்காரர்கள் தங்கள் வீடுகளிலேயே தறி வைத்து, வணிகர் தந்த பட்டிழையை நெய்து, நெய்த அளவுக்குக் கூலி பெற்றனர். அந்நகரத்துப் பட்டு வணிகர் ஒருவருக்கு 1799ஆம் ஆண்டு பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. 1816ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் வீண்பெருமையைப் பற்றிய மறையுரை ஒன்றைக் கேட்டுப் பட்டாடைகளைத் துறந்தார். தம் குடும்பத்தாரின் பட்டுத் தொழிற்கூடத்தில் உழைத்த இளம்பெண்களோடு சேர்ந்து செபிக்கலானார். வாரம் ஒரு ‘சூ’, அதாவது நம் ஊரில் ஒரு காசு, மறைபரப்புக்குத் தருவது. ஒருவர் பத்துப்பேரைச் சேர்ப்பது. அந்தப் பத்துப்பேரும் தத்தமக்குப் பத்துப்பேரைச் சேர்ப்பது என்று எளிய திட்டமொன்றை வகுத்தார். அத்திட்டத்திலிருந்தே 1822ஆம் ஆண்டு மறைபரப்புச் சபை பிறந்தது. சரியாக நூறாண்டு கழித்து அது திருத்தந்தையின் சபையாக உயர்த்தப்பட்டது. அக்டோபரின் கடைசிக்கு முந்திய ஞாயிறன்று நம் ஆலயங்களில் எடுக்கப்படும் காணிக்கையின் வேர், பட்டு நூற்ற பெண்களின் அந்தக் காசில் இருக்கிறது. தமிழகத்தில் பணிபுரிந்த பாரீசு அந்நிய மறைபரப்புச் சபையின் குருக்களும் அக்காசால் தாங்கப்பட்டவர்களே.

இவ்வளவோடு நிறுத்தினால் இது நல்ல மறைபரப்பு ஞாயிற்று மறையுரை. வரலாறு அங்கே நிற்கவில்லை. 1831ஆம் ஆண்டு உடன்பட்ட கூலி விகிதத்தை வணிகர் சிலர் ஏற்க மறுத்ததால் லியோன் நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். 1834இல் மீண்டும் எழுந்தபோது படைகளால் ஒடுக்கப்பட்டனர். மலைச்சரிவில் இருந்த பவுலினின் வீடு அந்தச் சண்டைக்கு நடுவே அகப்பட்டது. தொழிலாளர்க்குச் செபமாலை மட்டும் போதாது, மானத்தோடு பிழைக்க வேலையும் வேண்டும் என்னும் எண்ணம் அவருள் உறுதிப்பட்டது. 1845ஆம் ஆண்டு தென்பிரான்சின் ருஸ்த்ரேல் என்னும் ஊரில் இரும்பு உருக்கு ஆலை ஒன்றை வாங்கி, தொழிலாளர் குடும்பத்தோடு வாழும் முன்மாதிரிக் குடியிருப்பாக்க முயன்றார். நிர்வாகத்தை நம்பி ஒப்படைத்தவர்கள் மோசம் செய்தனர். ஆலை முறிந்தது. அவரை நம்பிப் பணம் கொடுத்திருந்தவர்களுள் பலர் எளிய உழைப்பாளிகள்.

பவுலின் அந்தக் கடனைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். சொத்துகளை விற்றார்; வீடுவீடாய்க் கையேந்தினார். தாம் தொடங்கிய சபையிடம் உதவி கேட்டபோது, தொடங்கியவர் அவரல்லர் என்று சொல்லி லியோன் பொறுப்பாளர்கள் மறுத்தனர். இது நம் வரலாற்றில் படிக்கக் கூசும் பக்கம். ஆயினும் படிக்கவேண்டிய பக்கம். 1853இல் அவர் பெயர் நகரத்து ஏழைகள் பட்டியலில் சேர்ந்தது. 1862ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள், கடன் முழுதும் தீராமலே கண்மூடினார். 2022ஆம் ஆண்டு மே 22 அன்று லியோனில் அருளாளராக உயர்த்தப்பட்டார். மறைபரப்புச் சபையை நிறுவியவர் என்பதற்காகவே அவரைப் பலர் நினைக்கின்றனர். எனக்கோ கடனடைக்கக் கையேந்திய அந்தக் கடைசி ஆண்டுகளே அவரது புனிதத்தின் முழு உருவமாகத் தோன்றுகின்றன. முதலில் பட்டினிடமிருந்து வீண்பெருமையைத் துறக்கக் கற்றார். பின்பு கணக்கை வாசிக்கவும் கற்றார்.

காஞ்சியில் கணக்கு மெதுவாகவே திருந்தியது. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. கடனுக்காகப் பிள்ளையைக் கட்டிப்போடுவதும் அதில் அடங்கும். 1986ஆம் ஆண்டுச் சட்டம் நெசவில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஆயினும் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்களித்தது. வீடே பட்டறையாயுள்ள ஊரில் அந்த விலக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2003இல் கூட, பட்டுத்தொழிலில் பிள்ளைகள் கொத்தடிமைகளாய் இருந்ததைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்னும் வாசலை விட்டுவைத்தது.

பிள்ளைகள் பெருமளவு பள்ளிக்குப் போய்விட்டனர். கோர்வைக்கு இன்றும் இரண்டாவது ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த இருக்கையில் இப்போது மனைவி அமர்கிறார். சேலைக்குப் பேசிய கூலி ஒன்றுதான். கணக்குப் புத்தகத்தில் கணவர் பெயர் மட்டுமே இருக்கிறது.