தேய்ப்பவர்களும் கூட்டுபவர்களும்

1921 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வண்ணம் பூசும் வேலை குறித்து ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதன் எண் 13. கட்டடங்களின் உட்புறச் சுவர்களுக்கு ஈய வெள்ளை கலந்த வண்ணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றது முதல் பிரிவு. ரயில் நிலையங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் தேவைப்பட்டால் விலக்கு உண்டு. மூன்றாம் பிரிவு, அந்த வண்ணம் பூசும் தொழில்முறை வேலைகளில் பதினெட்டு வயது நிரம்பாத ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் அமர்த்தக் கூடாது என்றது. பதினேழு வயதுப் பையனும் நாற்பது வயதுப் பெண்ணும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தார்கள்.

வீட்டுக்குள் இருக்கும் அடர்ந்த பழைய நிறத்தை மறைத்துப் புது நிறம் பூசுவதை நாம் ரசனை சார்ந்த விஷயமாகவே பேசுகிறோம். அந்த மூன்றாம் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதற்குள் ஓர் உழைப்பின் வரலாறு இருப்பது தெரியும். அந்த வரலாற்றில் தூரிகை ஒருவர் கையிலும் துடைப்பம் இன்னொருவர் கையிலும் இருக்கின்றன.

ஈய வெள்ளை என்பது ஈயத்திலிருந்து செய்யப்படும் வெண்ணிறப் பொடி. ஒரே பூச்சில் அடியில் உள்ள நிறத்தை நன்றாக மறைக்கும் என்பதால் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக அதற்கு மதிப்பு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதைச் செய்யும் ஆலைகளின் மிக மோசமான வேலைகளைப் பெண்களே செய்தார்கள். ஈயத் தகடுகளைப் புளித்த காடியோடு அடுக்கிவைத்து, மாதக்கணக்கில் அரிக்கவிட்டு, வெளுத்துப் பொடிந்ததைச் சுரண்டித் தலையில் சுமந்தார்கள். 1868இல் சார்லஸ் டிக்கன்ஸ் கிழக்கு லண்டனின் ஏழைக் குடியிருப்புகளைப் பற்றி எழுதியபோது, ஈய ஆலைக்குப் போய் நஞ்சேறி வீழ்ந்த பெண்களையும் பதிவு செய்தார். நஞ்சு என்று தெரிந்தே அந்தப் பெண்கள் போனார்கள். பசிக்கு வேறு வழி இல்லை.

1898இல் பிரிட்டன் அந்த ஆபத்தான வேலைகளில் பெண்களை அமர்த்தத் தடை விதித்தது. தடை பல உயிர்களைக் காத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பொடி அங்கேயே இருந்தது. அதைச் சுமக்க ஆண்கள் வந்தார்கள். கூலி இழந்த பெண் வேறு எங்கே போவாள் என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. ஈயம் ஆணின் நரம்பையும் சிறுநீரகத்தையும் விந்தணுவையும்கூடக் கெடுக்கும். நஞ்சை அகற்றுவதை விடப் பெண்ணை அகற்றுவது முதலாளிக்கு மலிவாக இருந்தது.

இந்த இடத்தில் ஆலிஸ் ஹாமில்டனை நினைத்துக்கொள்ள வேண்டும். 1910இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் தொழில் நோய்களை ஆராய அமைத்த குழுவுக்காக, ஆலை ஆலையாக ஏறி இறங்கி, தொழிலாளர்களின் வீடுகளுக்கும் போய் ஈய நஞ்சைத் தேடிய மருத்துவர் அவர். ஈயம் புண் வழியாகவோ அழுக்குக் கை வழியாகவோ மட்டும் வருவதில்லை, மூச்சுவிடும் தூசிலும் புகையிலும் வருகிறது என்று விடாமல் சொன்னார். 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் முதல் பெண் ஆசிரியராக அவரை நியமித்தது. கூடவே, ஆசிரியர் மன்றத்துக்குள் வரக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தது. அதே ஹாமில்டன், பெண் தொழிலாளர்களுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று பல காலம் வாதிட்டவர். அதனாலேயே சம உரிமைத் திருத்தத்தை எதிர்த்தார். பின்னர் 1950களில் மனம் மாறினார். இந்தச் சிக்கல் நம் முன்னோடிகளுக்கும் எளிதாக இருக்கவில்லை.

உடன்படிக்கையில் இன்னொரு விடுபடலும் இருந்தது. அது வெள்ளையை மட்டுமே பார்த்தது. சுவரில் கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் பல காலம் ஈயக் குரோமேட்டிலிருந்து வந்தவை. அந்த மஞ்சளோடு பிரஷ்ய நீலத்தைக் கலந்தால் அடர் பச்சை கிடைக்கும். வெள்ளையில் ஈயம் குறைந்த பிறகும் துணிச்சலான நிறங்களில் அது தங்கிவிட்டது. எண்ணெய் கலந்த பழைய எனாமல் பூச்சுகளில்தான் இந்த ஆபத்து அதிகம்.

நம் ஊர்க் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. பொங்கலுக்கு முன்பு சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, நசுக்கிய மட்டையால் வெள்ளையடித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். கை வெந்துபோகும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஆனால் அதில் ஈயம் இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு அது மறுபடி கல்லாக இறுகிவிடும். அடுப்புப் புகை படிந்து கறுத்த சமையலறைச் சுவரை ஆண்டுக்கொரு முறை வெளுக்க வைத்த அந்த வேலையை யாரும் தொழில் என்று எண்ணவில்லை, கூலியும் இல்லை. டப்பாவில் வண்ணம் வந்து, அது கூலியுள்ள கைத்தொழிலாக ஆனபோது தூரிகை பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போனது. கட்டட வேலையில் இன்றும் பெண் சித்தாளாகவே வயதாகிறாள். மணல் சுமக்கலாம், கலவை தூக்கலாம், கடைசியில் தரையைக் கழுவலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் குடிபோன ஒரு பழைய வீட்டின் கூடம் இடுப்பளவுக்கு அடர் பச்சை எனாமலால் பளபளத்தது. அதன்மேல் நேராக வெளிர் நிறம் பூசினால் பிடிக்காது, உரிந்து வரும். பச்சையும் அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பை எடுக்க வேண்டும். பிறகு பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதற்குமேல் இரண்டு கை வண்ணம். பெயிண்டர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்க்கத் தொடங்கியதும் கூடம் முழுக்கப் பச்சைப் புழுதி.

“அண்ணே, தண்ணி தொட்டுத் தேய்க்கலாமே?” என்றேன்.

“லேட்டாகும்மா. பொம்பளைங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க. முடிஞ்சதும் வந்து கூட்டிக்கலாம்.”

அவர் அக்கறையோடுதான் சொன்னார். அவருக்கு நாள் கணக்கில்லை, சதுர அடிக் கணக்கு. தண்ணீர் தொட்டால் அன்றைய வருமானம் குறையும். அவர் நுரையீரலும் அந்தக் கணக்கில் இல்லை. ஆனாலும் 1921இன் வாக்கியம் அவர் வாயில் தமிழில் வந்தது. தேய்க்கும்போது பெண் வெளியே, கூட்டும்போது பெண் உள்ளே.

உடலில் சேரும் ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் போய்த் தங்கி, பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் எலும்பு சுண்ணச்சத்தை விட்டுக்கொடுக்கும். கூடவே ஈயமும் ரத்தத்துக்கு வரும், குழந்தைக்குப் போகும். சிறுமியாக இருந்தபோது கூட்டிய புழுதிகூடத் தாயாகும்போது திரும்பி வரலாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தியாவில் 2016இல் வந்த விதிகள், வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றன. 2017 நவம்பர் 1 முதல் நடைமுறை. அது புது டப்பாவுக்கான விதி. அதற்கு முன் பூசியவை நம் சுவர்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் யாரோ ஒருவர் அவற்றைத் தூசாக்குகிறார்.

எனவே நிறத்தைத் தேர்வு செய்யும் நாளிலேயே பேச வேண்டியவை சில உண்டு. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை உலர்ந்த தாளால் தேய்க்க வேண்டாம், நெருப்பு காட்டி உரிக்கவும் வேண்டாம். ஈரமாக்கித் தேய்க்கச் சொல்ல வேண்டும். கூடுதலாகும் நேரத்துக்கு அவருக்குக் கூலி தர வேண்டும். குழந்தைகளும் கருவுற்றவர்களும் துப்புரவு முடியும் வரை அங்கே வரக் கூடாது. துடைப்பத்தை எடுக்காமல், ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் மூட்டைகட்டி அப்புறப்படுத்த வேண்டும். இந்தக் கடைசி வேலையையும் வண்ணம் பூசும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக, அதற்கான தொகையோடு எழுதச் சொல்லுங்கள். கணக்கில் எழுதப்படாத வரை அது வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழும்.