இதயத்தின் கடிவாளப் புரதமும் நாக்-அவுட் சுண்டெலிகளும்

1970களின் தொடக்கத்தில் லண்டனில் ஜெரால்டு ஆஃபர் என்பவரும் அவருடைய குழுவினரும் முயலின் தசையிலிருந்து மயோசின் என்ற புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க முயன்றனர். எவ்வளவு சுத்தம் செய்தாலும் கூடவே வேறு சில புரதங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தபோது தெரிந்த பட்டைகளுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டார்கள். அவற்றில் ஒன்றுதான் சி-புரதம். அழுக்கு என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அந்தப் பட்டை, மயோசினைப் பிணைக்கும் சி-புரதம் என்ற பெயரில் பின்னாளில் இதய மருத்துவத்தின் முக்கியமான புரதங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் அது தசைக்குள் என்ன வேலை செய்கிறது என்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தெளிவாகவில்லை.

1995ல் கேள்வி அவசரமானது. இதயத்தசைத் தடிப்பு நோய் பரம்பரையாக வரும் சில குடும்பங்களில், இப்புரதத்தின் இதய வடிவத்தை உருவாக்கும் எம்ஒய்பிபிசி3 என்ற மரபணு பழுதடைந்திருப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே ஆண்டில் கண்டறிந்தன. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த இளைஞர் விளையாட்டுத் திடலில் திடீரென விழுந்து இறப்பதற்கு இது ஒரு காரணம். புரதம் பழுதானால் தசை ஏன் தடிக்கிறது? சோதனைக் குழாயில் இதற்கு விடை கிடைக்காது. துடிக்கும் இதயம் ஒன்றிலிருந்து அந்தப் புரதத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்கான கருவி அப்போது தயாராக இருந்தது. 1981ல் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும் சுண்டெலிக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். மரியோ கபெக்கி, ஆலிவர் ஸ்மித்தீஸ் ஆகியோர் தனித்தனியே, செல்லில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் குறிவைத்து மாற்றும் வழியைக் கண்டார்கள். செயல்படாதபடி உடைக்கப்பட்ட மரபணுத் துண்டைச் செல்லுக்குள் செலுத்தினால், மிக அரிதாக அது அசல் மரபணுவின் இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். அப்படி மாறிய செல்லை மருந்து வைத்துச் சலித்தெடுக்க வேண்டும். பழுப்பு நிற எலி இனத்திலிருந்து வந்த அச்செல்களைக் கறுப்பு எலியின் கருவில் வைத்தால், இரு நிறமும் கலந்த குட்டி பிறக்கும். ரோமத்தின் நிறமே வேலை பலித்ததற்கான முதல் அடையாளம். இவற்றின் வாரிசுகளைத் தமக்குள் இணைசேர்த்தால், மரபணுவின் இரண்டு பிரதிகளும் இல்லாத எலி கிடைக்கும். நாக்-அவுட் எலி என்பது இதுதான். 1989ல் இத்தகைய முதல் எலிகள் பற்றிய செய்திகள் வந்தன. 2007ல் எவன்ஸ், கபெக்கி, ஸ்மித்தீஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

2002ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சமந்தா ஹாரிஸும் உடன் பணியாற்றியவர்களும் சி-புரதமே இல்லாத எலிகளை உருவாக்கினர். அவை கருவிலேயே இறந்துவிடவில்லை, பிறந்தன, வளர்ந்தன. ஆகவே இதயம் துடிக்க இப்புரதம் இன்றியமையாதது அல்ல. ஆனால் அவற்றின் இதயங்கள் வெகுவாகப் பருத்திருந்தன. சுருங்குவதிலும் விரிவதிலும் குறை தெரிந்தது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வுதான் சுவையானது. இந்த எலிகளின் தசைச் செல்களைத் தனியே எடுத்துச் சோதித்தபோது, அவை சாதாரணச் செல்களைவிட வேகமாகச் சுருங்கின. வண்டி மாட்டின் மூக்கணாங்கயிற்றை அவிழ்த்துவிட்டதுபோல மயோசின் இஷ்டத்துக்கு இழுத்தது. சி-புரதம் ஒரு கடிவாளம் என்பது அப்போதுதான் நேரடியாகப் புலப்பட்டது.

அந்தக் கடிவாளத்தைத் தளர்த்துவதும் இறுக்குவதும் எது? இதில் தமிழ் ஆய்வாளரான சக்திவேல் சடையப்பனின் பங்கு பெரியது. சின்சினாட்டியில் ஜெஃப்ரி ராபின்ஸின் ஆய்வகத்தில், சி-புரதம் பழுதான எலிகளுக்குள் அவர் மாற்றியமைத்த சி-புரதத்தை மீண்டும் புகுத்திப் பார்த்தார். பாஸ்பேட் ஏற முடியாதபடி மாற்றிய புரதம் நோயைத் தீர்க்கவில்லை (2005). பாஸ்பேட் ஏறியதுபோலவே நடந்துகொள்ளும் புரதம் இதயத்தைக் காத்தது (2006). மரபணுவை நீக்குவதோடு நின்றிருந்தால் இது தெரிந்திருக்காது. காலியான இடத்தில் எதை வைத்தால் சரியாகிறது என்று பார்த்ததால் தெரிந்தது.

இதே காலத்தில் இந்தியாவில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 2003ல் இரு இந்தியக் குடும்பங்களில் இம்மரபணுவின் இறுதிப் பகுதியில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது கண்டறியப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், சடையப்பன் உள்ளிட்டோர் 800 இதயத்தசை நோயாளிகளையும் நோயில்லாத 699 பேரையும் ஒப்பிட்டார்கள். 2009 ஜனவரியில் வெளியான முடிவு பரபரப்பூட்டியது. இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு என்றது அது. தெற்காசியரில் சுமார் 4 விழுக்காட்டினர் இதைச் சுமக்கிறார்கள் என்றும், இது ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்றும் மதிப்பிட்டார்கள். அந்தச் சராசரியை அப்படியே வைத்துக் கணக்கிட்டால், பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயிலுக்குப் படியேறும் நூறு பேரில் நான்கு பேர். அவர்களில் பெரும்பாலோர் மூச்சு வாங்காமல் மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள் என்பதுதான் புதிர்.

எலிகள் இங்கே முழுதாகக் கைகொடுக்கவில்லை. மனிதருக்கு இரண்டில் ஒரு பிரதி கெட்டாலே நோய் வரக்கூடும். ஹாரிஸின் எலிகளில் ஒரு பிரதி இழந்தவை சாதாரண எலிகளைப் போலவே இருந்தன. பிரான்சில் லூசி கேரியரின் குழு 2004ல் உருவாக்கிய எலிகளில் ஒரு பிரதி இழந்தவற்றுக்குப் பத்து மாதம் கழித்தே இதயச் சுவர் தடித்தது. நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கும், வேறு வகை மயோசின் நிறைந்த எலி இதயத்தை மனித இதயத்தின் குட்டிப் பிரதியாக எண்ணுவது தவறு. எலி சொல்வது புரதத்தின் வேலையை. ஒரு மனிதரின் தலைவிதியை அல்ல.

25 எழுத்துப் புதிரும் பின்னர் மனிதர்களிடமே அவிழ்ந்தது. இதைச் சுமப்பவர்களுள் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இன்னொரு அரிய மாற்றமும் சேர்ந்திருக்கிறது. நோய்க்குக் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டாவது மாற்றமே என்று 2020ல் வெளியான மறு ஆய்வு காட்டியது. கோடிக்கணக்கானோர் மீது விழுந்த சந்தேகம் இதனால் வெகுவாகக் குறைந்தது. 2009ன் தலைப்புச் செய்தி இன்றும் இணையத்தில் உலவுகிறது. இந்தத் திருத்தம் அந்த அளவுக்குப் பரவவில்லை.

கடிவாளம் என்ற கருத்துக்கு இசைவாக, மயோசினின் ஓட்டத்தை அடக்கும் மாவகாம்டென் என்ற மாத்திரைக்கு 2022ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குச் சென்று பணியைத் தொடர்ந்த லூசி கேரியரின் குழு, சி-புரத மரபணுவை வைரஸில் ஏற்றி, பழுதான மரபணுவுடன் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஒரே ஒரு முறை செலுத்தியது. 34 வாரங்கள் கழித்தும் அவற்றின் இதயம் தடிக்கவில்லை என்று 2014ல் அறிவித்தது. இதே வழியிலான சிகிச்சையை மனிதரிடம் சோதிக்கும் பணி 2023ல் அமெரிக்காவில் தொடங்கியது.