சூலும் சூலையும்

சூல் என்னும் ஓரசைச் சொல்லைச் சற்றே நீட்டி ஒலித்துப் பாருங்கள். பெண் கருவுறுவதும் முகில் நீர்கொள்வதும் பயிர் கதிர்பொதிவதும் அதற்குள் அடங்கிவிடும். ஈற்றில் ஐகாரம் ஏறிச் சூலையானால், பொருள் குத்தும் வயிற்றுவலி. ஒலியால் தாயும் மகளும்போல் தோன்றினும் இவை உறவற்றவை: முன்னது நம் மண்ணின் சொல், பின்னது கூர்முனையைக் குறிக்கும் சூலம் என்னும் வடசொல்லின் வழிவந்தது. திருநாவுக்கரசரின் சூலைநோய் பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் தீர்ந்ததெனப் பெரியபுராணம் சொல்வதால், அதற்கு வடக்கேயுள்ள விழுப்புரத்தார்க்கும் திண்டிவனத்தார்க்கும் அது கேட்டுப் பழகிய சொல்.

மாதந்தோறும் வரும் வலிக்குப் பெயர் சூதகவலி. வடமொழியில் மகப்பேற்றுத் தீட்டைக் குறித்த சூதகம், தமிழில் மாதவிலக்கையும் குறித்தது. தொல்காப்பியம் பூப்பென்று மலர்த்திச் சொன்னதைப் பிற்கால வழக்கு தீட்டு, தூரம், விலக்கு என ஒதுக்கிச் சொன்னது. ஒதுக்கிய பெயரோடு வலியும் ஒதுங்கிற்று.

அப்படி ஒதுங்கிய வலிகளுள் ஒன்றைத் தரும் நோயே எண்டோமெட்ரியோசிஸ். கிரேக்கத்தில் எண்டோ என்பது அகம்; மெட்ரா என்பது தாயைக் குறிக்கும் சொல்லோடு உறவுடைய, கருப்பையைக் குறிக்கும் சொல்; ஓசிஸ் என்பது நோய்நிலை. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்சன் 1920களில் நிலைநிறுத்திய இப்பெயர் அகத்தைச் சொல்ல, நோயோ புறத்தது: கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சூலகத்திலும் வயிற்றறைச் சவ்விலும் படர்கிறது. ‘இடமகல் கருப்பை அகப்படலம்’ என்னும் தமிழ்ப்பெயரில் ‘இடமகல்’ அக்குறையைத் தீர்க்கிறது. பழங்குருதி தேங்கிக் கரும்பழுப்பான சூலகக் கட்டியை மருத்துவமனையில் ‘சாக்லேட் கட்டி’ என்பார்கள். சூலும் சூலையும் கடைசியில் சந்திப்பது அங்கேதான்.

விலக்குக் குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்வதே காரணம் என்றார் சாம்சன். ஆனால் அப்பாய்ச்சல் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. நோயோ ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே. எனவே மரபணுவையும் எதிர்ப்பாற்றலையும் ஆய்கிறார்கள். 2023இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு மரபணுத்தொகுதியில் 42 இடங்களைச் சுட்டியது. அதே ஆண்டு ஜப்பானின் நகோயா ஆய்வாளர்கள் பியூசோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிரைச் சுட்டினர். எலிகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இந்நோய்த் திசுக்களைக் குறைத்தது. இன்று கையிலிருப்பவை வலிநீக்கி, டையனோஜெஸ்ட் போன்ற இயக்குநீர் மருந்து, நுண்துளை அறுவை. முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை.

ஆகவே, சொல்லன்பரே, வீட்டுப் பெண் மாதந்தோறும் வலியில் சுருண்டால் “எல்லாருக்கும் வர்றதுதானே” என்று தள்ளாதீர்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ அழைத்துச் செல்லுங்கள். வலியின் பெயரைக் கேட்டறியுங்கள்.