வி-ஐயும் ஈமாக்ஸும்: ஒரு பூசலின் வரலாறு

கணனியிற் சொற்களையும் நிரல்களையும் எழுதித் திருத்தப் பயன்படும் கருவி உரைத்தொகுப்பி எனப்படும். யுனிக்ஸ் மரபில் வந்தோர் வி-ஐ, ஈமாக்ஸ் என்னும் இரு தொகுப்பிகளின் பொருட்டுச் சமயச் சண்டையை ஒத்த பூசலை நெடுங்காலம் நடத்தி வந்துள்ளனர். இதனை வெறும் மனச்சாய்வு என்று நகைத்து விடுவாருமுளர். ஆயின், இதன் வேர்களை ஆராயுமிடத்து, அவை மனிதரின் சுவையிலன்றி, அவர்கள் முன்னிருந்த இயந்திரங்களிலேயே பெரிதும் ஊன்றியிருத்தல் புலனாகும்.

பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன் ஆக்கிய 'எட்' தொகுப்பி, தாளில் அச்சிடும் ரெலிரைப்புக்காக எழுந்தது. எழுதிய வரியைக் காண்பதற்கும் கட்டளையிட வேண்டும். இலண்டன் குயீன் மேரி கல்லூரியின் ஜோர்ஜ் கூலூரிஸ் இதனைத் திரைக்கேற்ப இலகுவாக்கி, 'எம்' என்பதை ஆக்கினார். 1976 இல் அதனைக் கண்ணுற்ற பேர்க்கிளி மாணவர் பில் ஜோய் தொடங்கிய முயற்சியே வி-ஐ ஆக முதிர்ந்தது. அவர் வீட்டிலிருந்து 300 போட் வேகத் தொலைபேசி இணைப்பினூடாகப் பணியாற்றினார். அஃதாவது, செக்கனுக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். 24 வரியும் 80 நிரலுமுடைய திரை முழுவதும் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும்! இந்நிலையில் கட்டளைகள் சுருங்கியே ஆகவேண்டும். 'டி', 'டபிள்யூ' என்னும் ஈரெழுத்தால் ஒரு சொல் அழிவதும், எழுதும் நிலையுங் கட்டளை நிலையும் வேறுபடுவதும் இவ்வறுமையின் பேறுகளே. எச், ஜே, கே, எல் விசைகளாற் சுட்டியை நகர்த்தும் வழக்கமோ, அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அவ்விசைகளின்மேல் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தமையால் வந்தது.

அதே 1976 இல், மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடத்தில் ரிச்சார்ட் ஸ்டோல்மனும் கை ஸ்டீலும் 'டீகோ' தொகுப்பியின் மீது ஈமாக்ஸைக் கட்டியெழுப்பினர். அங்கு விரைவான திரைகளும், மேலதிக விசைகள் கொண்ட விசைப்பலகைகளும் இருந்தன. எனவே, பயன்படுத்துவோரே விரித்துக்கொள்ளக்கூடிய தொகுப்பி அங்கு உருவாயிற்று. திருத்தங்களை அனைவருடனும் பகிர வேண்டும் என்பதே ஸ்டோல்மன் விதித்த நிபந்தனை.

இந்நிபந்தனையே பின்னர் பூசலின் மிகக் கனமான பகுதியாயிற்று என்பது எமது கருத்து. 1981 இல் ஜேம்ஸ் கொஸ்லிங் யுனிக்ஸுக்கென எழுதிய ஈமாக்ஸ் முதலிற் கைமாறித் திரிந்து, பின்னர் யுனிபிரஸ் என்னும் வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன் பகுதிகளைத் தமது குனு ஈமாக்ஸிற் கையாண்டிருந்த ஸ்டோல்மன், அவற்றை நீக்கி மீள எழுத நேர்ந்தது. குனு ஈமாக்ஸுக்கென வகுத்த உரிமமே 1989 இன் பொது உரிமத்துக்கு முன்னோடி. வி-ஐயும் இச்சிக்கலுக்குத் தப்பவில்லை. அதனுள் 'எட்' இன் நிரல் கலந்திருந்தமையால் ஏரிஅன்ட்ரி நிறுவனத்தின் அனுமதியின்றி அதனைப் பரப்ப இயலாதாயிற்று. நகலிகள் பல எழுந்தன. பிராம் மூலனார் 1991 இல் வெளியிட்ட 'விம்' அவற்றுட் தலையாயது.

தொலைவிலுள்ள பல இயந்திரங்களைப் பராமரிப்போன், யுனிக்ஸ் நியமத்தில் இடம்பெற்று எங்கும் கிடைக்கும் வி-ஐயைக் கற்றலே தக்கது. ஒரே இயந்திரத்தின் முன் நாள்முழுதும் அமர்வோனுக்கு ஈமாக்ஸ் நன்கு உதவும். இரண்டுக்குமிடையே தடுமாறுவோர்க்கும் வழியுண்டு: ஈமாக்ஸுக்குள்ளேயே வி-ஐயின் கட்டளைகளை வழங்கும் 'வைப்பர்' என்னும் பகுதி, குனு ஈமாக்ஸுடன் சேர்த்தே விநியோகிக்கப்படுகின்றது.