சோழமண்டலத்தின் பெயரில் ஒரு சீனத் திரை

ஐரோப்பியக் கலைவரலாற்று நூல்களையும் பழம்பொருள் ஏலப் பட்டியல்களையும் புரட்டுவோர் 'கோரமண்டல் திரை' என்னும் பெயரை அடிக்கடி காண்பர். கறுத்து மின்னும் மெருகின்மேல் அரண்மனைகளும் தோட்டங்களும் பறவைகளும் பல வண்ணங்களில் செதுக்கப்பட்ட, ஆளுயரத்தை விஞ்சிய மடிப்புத் திரை அது. கோரமண்டல் என்பது சோழமண்டலத்தின் திரிபு என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்திருக்கிறோம். எனவே பழவேற்காட்டிலோ புதுச்சேரியிலோ நாகப்பட்டினத்திலோ நம் தச்சர்கள் செய்த பொருளாக அது இருக்கவேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அத்திரைகளில் ஒன்றுகூட இக்கரையில் செய்யப்பட்டதன்று. முழுவதும் சீனத்துக் கைவேலை. நம் கடற்கரை அதற்குக் கொடுத்தது பெயரை மட்டுமே.

அதைச் சீனர் 'குவான் சாய்' என்பர். மிங் ஆட்சியில் ஹுவாங் செங் எழுதி, 1625இல் யாங் மிங் உரைக்குறிப்புகள் சேர்த்த மெருகுக்கலை நூலில் இவ்வேலை சொல்லப்படுகிறது. மரப்பலகையின்மேல் களிமண் போன்ற பொருள்களைக் குழைத்துக் கனமாகப் பூசி, உலர்ந்தபின் கரிய மெருகைப் பல தடவைகள் ஏற்றுவார்கள். பிறகு உருவத்தின் விளிம்பை மட்டும் நிறுத்தி உட்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, அக்குழியில் வண்ணங்களை நிரப்புவார்கள். பெரும்பாலும் பன்னிரண்டு தட்டிகள் ஒரு திரையாகும். இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். நாம் அறிந்த அரக்கு பூச்சியிலிருந்து வருவது. சீன மெருகோ ஒருவகை மரத்தின் பால். இரண்டையும் ஒன்றென்று கொண்டு எழுதும் பிழை தமிழிலும் உண்டு.

இத்திரைகளை ஆங்கிலேயர் முதலில் 'பாண்டம் வேலை' என்று அழைத்தனர். ஜாவாத் தீவின் பாண்டம் துறைமுகத்தில் 1682 வரை அவர்களுக்குப் பண்டகசாலை இருந்தது. 'கோரமண்டல்' என்னும் பெயர் அதற்குப் பின்னர் வழக்குக்கு வந்தது. சீனச் சரக்கு முதலில் பாண்டத்திலும், பிறகு நம் கரையில் இருந்த கும்பினித் துறைகளிலும் கப்பல் மாறி ஐரோப்பா சென்றதே இவ்விரு பெயர்களுக்கும் காரணம் என்பது பொதுவான விளக்கம். வாங்கியவர் கண்ணுக்குச் செய்தவனைத் தெரியவில்லை; கடைசியாகக் கப்பல் புறப்பட்ட துறை மட்டுமே தெரிந்தது. அரபுப் புவியியலாளர்கள் இக்கரைக்கு வைத்த பெயரை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். அவர்கள் இதை 'மஃபர்' என்றனர். 'அபர' என்னும் வினையடியிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குக் கடந்துசெல்லும் இடம் என்பதே பொருள். கோரமண்டல் திரையைப் பொறுத்தவரை நம் கரை மெய்யாகவே ஒரு மஃபராகத்தான் இருந்தது.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பிய அரசவைகளைச் சீன மோகம் பற்றிக்கொண்டது. பதினான்காம் லூயி 1670இல் வெர்சாயில் நீலமும் வெண்மையுமான ஓடுகள் பதித்த ஒரு சிறு மாளிகையைக் கட்டுவித்தார். 'பீங்கான் திரியானோன்' எனப் பெயர்பெற்ற அதில் உண்மையான பீங்கான் இல்லை. சுட்ட மண்ணோட்டின்மேல் மெருகு மட்டுமே. குளிரையும் மழையையும் தாங்காமல் 1687இல் அது இடிக்கப்பட்டது. 1700இல் சீனத்திலிருந்து திரும்பிய 'அம்ஃபித்ரீத்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் கொண்டுவந்த மெருகுப் பொருள்கள் அக்கப்பலின் பெயராலேயே விற்பனையாயின. வாத்தோவும் பூஷேயும் தாம் காணாத சீனத்தை வரைந்தனர். குடைபிடித்த மனிதர், மணி தொங்கும் கூரை, குரங்கு, பாலம் எனக் கைக்கு வந்தவற்றையெல்லாம் சேர்த்த இப்பாணியைப் பிற்காலத்தார் 'ஷினுவாஸெரி' என்றனர்.

அறியாமை இதில் குறைவாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்தில் சீனச் சுவர்க்காகிதத்தை 'இந்தியக் காகிதம்' என்றே விற்றனர். பெரிய திரைகளை அறுத்து அலமாரிகளுக்கும் நிலைக்கண்ணாடிச் சட்டங்களுக்கும் ஒட்டினர். துண்டுகள் தாறுமாறாகச் சேர்க்கப்பட்டதில் மனிதர்களும் மரங்களும் தலைகீழாக நிற்பதை 1688இல் மெருகுவேலை பற்றி நூல் வெளியிட்ட ஸ்டாக்கரும் பார்க்கரும் கேலி செய்திருக்கின்றனர். அத்திரைகளின் பின்புறம் வாழ்த்துரைகள் செதுக்கப்பட்டிருப்பது உண்டு; அதிகாரி ஒருவரின் பிறந்தநாளுக்கு உற்றாரும் நண்பரும் சேர்ந்து அளித்த காணிக்கை என்பதை அவை சொல்லும். அறுத்த தச்சனுக்கு அவ்வெழுத்தும் ஒரு பூவேலையாகவே தெரிந்திருக்கும்.

இம்மோகம் முற்றிப்போன வடிவத்தை இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் இன்றும் காணலாம். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசருக்காக ஜான் நாஷ் 1815 முதல் 1822 வரை உருமாற்றிய அம்மாளிகைக்கு வெளியே முகலாயரை நினைவூட்டும் குவிமாடங்களும் மினாராக்களைப் போன்ற தூண்களும் உள்ளன. உள்ளே டிராகனும் தாமரை விளக்கும் சீனச் சுவரோவியமும். 1914 இறுதி முதல் 1916 தொடக்கம் வரை அது காயமுற்ற இந்தியப் படைவீரர்களின் மருத்துவமனையாக இருந்தது. கிழக்குப் புல்வெளியில் முஸ்லிம் வீரர்கள் கஃபாவை நோக்கித் தொழ இடம் ஒதுக்கப்பட்டது. யாரோ கற்பனையில் கட்டிய 'கிழக்கு' ஒன்றின் வாசலில், மெய்யான கிழக்கிலிருந்து வந்தவர்கள் ஸுஜூது செய்தனர்.

சீனக் கலையைக் கண்டு வியந்து பின்பற்றியவர்களில் ஐரோப்பியர் முதல்வர் அல்லர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே பஸராவின் குயவர்கள் சீன வெண்கலங்களைப் பார்த்து, அதற்கேற்ற மண் கிடைக்காமையால், சாதாரண மண்கலத்தின்மேல் வெண்மெருகு பூசி, அதன்மேல் நீலத்தால் எழுதினர். அப்பாஸியரின் ஸாமர்ராவில் நடந்த அகழாய்வில் சீன மூலமும் உள்நாட்டுப் போலியும் ஒரே மண்ணிலிருந்து கிடைத்துள்ளன. போலி செய்தவர்கள் புதிதாகச் சேர்த்தது அந்த நீலம். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கோபால்ட் நீலம் ஈரானிலிருந்து சீனத்துக்குப் போய், உலகம் இன்று 'சீன நீலம்' என்று கருதும் கலங்களுக்கு வண்ணமாயிற்று. அதைச் சீனர் 'முஸ்லிம் நீலம்' என்னும் பொருள்படவே அழைத்தனர். ஜெங்தே பேரரசர் காலத்து (1506-1521) நீலக்கலங்கள் சிலவற்றில் அரபு எழுத்துகள் வரையப்பட்டிருப்பதும் இத்தொடர்பின் எச்சமே.

அரபு நூல்களில் இதற்குச் சான்றுகள் பல. ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்', உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும்படி மெல்லியதான சீனக் கலங்களைக் குறிப்பிடுகிறது. அல்பீரூனி தம் மணிநூலில், ரய் நகரில் வாழ்ந்த இஸ்பஹான் வணிகர் ஒருவரின் வீட்டில் கிண்ணம் முதல் விளக்குத்தண்டு வரை எல்லாமே சீனப் பீங்கானாக இருந்ததைக் கண்டு எழுதியுள்ளார். மஃபருக்கும் வந்து சீனத்துக்கும் சென்ற இப்னு பதூதா, அக்கலங்கள் இந்தியா வழியாகத் தம் தாயகமான மக்ரிப் வரை செல்வதாகச் சொல்கிறார். அரபியில் 'ஸீனிய்யா' என்றால் இன்றும் தாம்பாளம். அது செம்பாலானதாக இருப்பினும் பெயர் சீனம்தான். நாம் பீங்கான் என்பது பாரசீகப் 'பிங்கான்'; அதே சொல் அரபியில் 'ஃபின்ஜான்' ஆகிக் காப்பிக் குவளையைக் குறிக்கிறது.

இதைக் கொண்டு நம் முன்னோர் சீனத்தை நன்கறிந்தவர், ஐரோப்பியர் அறியாதவர் என்று தீர்ப்பெழுத அவசரப்படவேண்டியதில்லை. ஹிஜ்ரி 429இல் (கி.பி. 1038) மறைந்த நைஸாப்பூரின் ஸஆலிபி, நேர்த்தியாகச் செய்யப்பட்ட எந்தக் கலத்தையும், அது எங்கே செய்யப்பட்டதாயினும், 'சீனம்' என்று அழைப்பதே அரபுகளின் வழக்கம் என்கிறார். ஆக, பெயர்க் குழப்பம் அங்கும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அரபுகளின் பிழையில் வேலைத்திறத்தின் பெருமை சீனருக்குப் போயிற்று. ஐரோப்பியரின் பிழையில் அது இடைத்துறைக்குப் போயிற்று.

அவ்விடைத்துறைகள் பழையவை. நாம் வாழும் அரியாங்குப்பத்தின் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் வீலர் அகழ்ந்தபோது ரோமானியச் சாடிகளைப் பற்றியே உலகம் பேசிற்று. அங்கே மேலடுக்குகளில் சோழர் காசுகளும் இடைக்காலச் சீனப் பச்சைமெருகு ஓடுகளும் கிடைத்ததைப் பேசியவர் சிலரே. தெற்கே பெரியபட்டினத்தில் 1980களில் நடந்த ஆய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் மிகுதியாக வெளிப்பட்டன. அது பழைய முஸ்லிம் வணிகக் குடியிருப்பு என்பது கவனத்துக்குரியது.

இனி நாம் சொல்லவந்த செய்திக்கு வருவோம். இக்கரை வெறும் கடவுத்துறை மட்டுமன்று. ஐரோப்பியரின் அக்கற்பனைச் சீனத்தில் ஒரு பகுதியைத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்த கரையும் இதுவே. அது மரத்தில் அன்று; துணியில்.

சீட்டித்துணி என்று நாம் சொல்லும் எழுத்துத் துணியை மசூலிப்பட்டினம் முதல் தெற்கே பல ஊர்களில் எழுதிவந்தனர். ஈரானியருக்கு மிஹ்ராபும் தேவதாரு மரமும் கொண்ட விரிப்புகள், மலாய் நாட்டவருக்கு வேறு கோலங்கள் என, வாங்குவோர் விருப்பமே வடிவத்தைத் தீர்மானித்தது. ஐரோப்பியரும் அவ்வாறே தம் விருப்பத்தைச் சொல்லியனுப்பினர். செந்நிறப் பரப்புடைய போர்வைகள் தம் நாட்டில் விரும்பப்படவில்லை, வெண்பரப்பில் கிளையும் பூவும் வேண்டும் என்று ஆங்கிலக் கும்பினி சூரத்துக்கு 1643இல் எழுதிற்று. இத்தகைய கட்டளைகளிலிருந்து உருவானதே 'பலம்பூர்' எனப்படும் கட்டில்விரிப்பு. பெயர் பாரசீகச் சாயலுடைய 'பலங்க்போஷ்'. அதன் நடுவே பாறைக் குன்றொன்றின்மேல் வளைந்து எழும் பூமரம். அதன் பாறை சீன ஓவியத்தின் துளைப்பாறை, அருகில் மூங்கில், கொடியின் வளைவில் பாரசீகச் சாயல், பூக்களில் சில எந்நாட்டிலும் பூக்காதவை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் டொராண்டோவின் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்திலும் இத்தகைய துணிகள் நிறைய உள்ளன. சீனத்தைக் காணாத ஐரோப்பிய வணிகன் கேட்க, சீனத்தையும் ஐரோப்பாவையும் காணாத நம் கரையின் ஓவியன் எழுதிய சீனம் இது. ஆயினும் வாத்தோவின் சீனத்தைவிட இதில் உயிர் அதிகம் என்பது நம் கருத்து. இவனுக்கு மூங்கிலாவது தெரிந்திருந்தது.

எழுதும் முறை எளிதன்று. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தி, கட்டையால் அடித்து வழவழப்பாக்குவர். கரித்தூள் தட்டிக் கோலத்தைப் பதித்து, மூங்கில் எழுதுகோலால் இரும்புக் காடியைத் தொட்டுக் கருங்கோடு வரைவர். சிவக்கவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலை எழுதுவர். கரையோர மணலில் விளையும் சாயவேரை இட்டுத் துணியைக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டுமே செந்நிறத்தைப் பற்றிக்கொள்ளும். மற்ற இடம் வெயிலிலும் வெளுப்பிலும் வெண்மையாகிவிடும். நீலம் வேண்டின் மற்றப் பகுதிகளையெல்லாம் மெழுகால் மூடி அவுரித்தொட்டியில் தோய்ப்பர். துவைத்தால் போகாத நிறம் என்பதே ஐரோப்பாவைப் பித்துப்பிடிக்க வைத்தது. அந்தப் படிகாரத்துக்குத் தமிழில் இன்னொரு பெயர் சீனக்காரம் என்பதைப் படிப்போர் நினைவில் கொள்க.

பட்டும் கம்பளியும் நெய்வோர் கூக்குரலிட, பிரான்சு இத்துணிகளை 1686இல் தடைசெய்தது. தடை 1759 வரை நீடித்தது. தடை இருந்த காலத்திலேதான் இரகசியத்தை அறியும் முயற்சியும் மும்முரமாயிற்று. இந்நாட்டில் பணியாற்றிய இயேசு சபையின் கேர்தூ பாதிரியார், தம்மிடம் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற கைவினைஞர்களிடம் கேட்டறிந்து இச்செய்முறை முழுவதையும் 1742 ஜனவரியில் ஒரு மடலாக எழுதினார். சபையின் மடல் தொகுப்பில் அது அச்சேறி யாவர்க்கும் பொதுவாயிற்று. ஸமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டியவரும் இவரே. அறிஞர் என்பதில் ஐயமில்லை. தம் மக்கள் தம்மை நம்பிச் சொன்ன தொழில்நுட்பத்தை அவர்களுடைய போட்டியாளருக்கு அனுப்புகிறோம் என்னும் எண்ணம் அவருக்கு எழுந்ததா என்பதே நம் கேள்வி. தடை நீங்கிய மறு ஆண்டே, 1760இல், வெர்சாய்க்கு அருகே ஜூயி என்னும் ஊரில் ஓபெர்காம்ப் தம் துணி அச்சாலையைத் தொடங்கினார். பீல்மான் போன்றோரின் சீனக் கற்பனைகள் ஐரோப்பிய அச்சுத் துணிகளில் ஏறின. எல்லாப் பழியையும் ஒரு மடலின்மேல் சுமத்துவது முறையன்று. மார்ஸெயில் நகரத்தார் 1670களிலேயே அர்மீனியரிடம் இத்தொழிலைப் பயின்றனர். பின்னர் செப்புத்தகடும் உருளை எந்திரமும் கைவேலையின் விலையை எட்டமுடியாததாக்கின. எனினும் எழுதுகோல் பிடித்த நம் ஓவியர் குடும்பங்கள் தொழிலை இழந்தபோது, அவர்கள் அறிவு அவர்கள் பெயரின்றி வேறிடத்தில் செழித்துக்கொண்டிருந்தது.

கேர்தூவுக்கு முன்பே, 1734 வாக்கில், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான போல்யூ புதுச்சேரியில் ஓர் ஓவியரைத் தம் கண்முன் துணி எழுதச் செய்து, ஒவ்வொரு நிலையையும் குறிப்பெடுத்தார். நிலைதோறும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்தார். கையெழுத்துப்படி பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. முதல் துண்டுகளில் கருங்கோடு மட்டும் இருக்கிறது. பிறகு சிவப்பு, பிறகு நீலம், இறுதியில் முழுமையான பூ. அதிகாரியின் பெயர் இருக்கிறது. எழுதியவரின் பெயர் அதில் இல்லை.